காகிதப் பூச்செடியில் ஒரு குறுமரம்



காகிதப் பூச்செடியை அறியாதார் நம் நாட்டில் இலர். டில்லியின் சாலை நடுத்திட்டுகளிலும், புனேயின் பழைய மாளிகை மதில்களிலும், பெங்களூரின் தோட்டங்களிலும், இரயில் நிலைய வேலிகளிலும் அது ஊதாவும் செம்மையும் வெண்மையுமாகக் குவிந்து கிடக்கக் காண்கிறோம். அதன் தாயகம் தென் அமெரிக்கா. பிரெஞ்சுக் கடலோடி போகன்வில் என்பாரின் பயணத்தில் உடன் சென்ற கொம்மர்சன் என்னும் தாவர நூலார் 1767ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுக் கரையில் அதனைச் சேகரித்தார். தலைவரின் பெயரே செடிக்கும் ஆகிப் போகன்வில்லா என்றாயிற்று. கொம்மர்சனின் உதவியாளராக ஆண் உடையில் சென்ற ழான் பாரே என்னும் பெண்மணியே கடல்வழி உலகைச் சுற்றிய முதற் பெண் என அறியப்படுகிறவர். அந்த முட்கொடியை முதலில் வெட்டி எடுத்த கை அவருடையதாகவே இருக்கலாம் எனக் கருதுவோரும் உளர்.

நிற்க. மதிலின்மேல் அழகு செய்யும் இச்செடி, அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்துத் தொட்டிக்கு வந்ததும் நம்மைச் சோதிக்கத் தொடங்கிவிடுகிறது. வாங்கிய ஆண்டில் பூக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் ஆறடி நெடுத்து, அடியில் ஓர் இலையுமின்றி வெறும் கழியாய் நின்று, உச்சியில் மட்டும் ஒரு கைப்பிடி இலையை வைத்துக்கொண்டிருக்கிறது. கழி ஊன்றிக் கட்டிப் பார்க்கிறோம். பிறகு மனம் சலித்து மாடிப்படியின் அடியில் ஒதுக்கிவிடுகிறோம். இது ஒருபுறம். மற்றொருபுறம், நகரங்களில் பழைய வீடுகள் இடிக்கப்பட்டு மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாயிலில் பூத்து நின்ற போகன்வில்லா, இடிசெங்கல்லோடு செங்கல்லாக வண்டியில் ஏற்றப்படுகிறது. அதன் அடிமரம் சில வேளை மனிதர் தொடை அளவு பருத்திருக்கும். அந்தத் தொட்டிச் செடியும் இந்த அடிக்கட்டையும், போன்சாய் எனப்படும் குறுமரக் கலைக்கு மிக ஏற்றவை. இரண்டையும் காப்பாற்றும் வழியைப் பற்றியே இப்பேச்சு.

குறுமரம் என்றவுடன் நம்மில் பலர், செடியைப் பட்டினி போட்டு, அது தலையெடுக்கும்போதெல்லாம் நறுக்கிக் குறுகச் செய்வது என்று எண்ணுகிறோம். அதனால் அதனைக் கொடுமை என்பாரும் உண்டு. தாழ்வாரத்தில் மறந்துவிடப்பட்ட அந்தக் கழிச் செடியைவிட, நன்கு பேணப்படும் குறுமரம் எவ்வளவோ நலமாக வாழ்கிறது என்பதே நம் கருத்து. அதுமட்டுமன்று, ஓயாமல் நறுக்கப்படும் செடி ஒருநாளும் மரத்தோற்றம் பெறுவதில்லை. வளரவிடாத செடியின் தண்டு பருப்பதில்லை. பருக்காத தண்டு எவ்வளவு சிறிய தட்டில் நின்றாலும் நாற்றாகத்தான் தோன்றும். ஆகவே எப்போது வெட்டுவது என்பதோடு, எப்போது கத்தரியைக் கீழே வைப்பது என்பதையும் நாம் கற்றாக வேண்டும். இரண்டாவதே கடினம்.

செடி ஏன் நெடுக்கிறது? தண்டின் நுனி மொட்டில் ஆக்ஸின் என்னும் ஊக்கப் பொருள் தோன்றிக் கீழ்நோக்கி இறங்குகிறது. அது இறங்கும்வரை கீழ்க்கணுக்களிலுள்ள மொட்டுகள் உறங்கிக் கிடக்கின்றன. இதனை நுனி ஆதிக்கம் என்பர். நிழலில் வைத்த செடி ஒளியைத் தேடி ஓடுவதால், கணுவுக்கும் கணுவுக்கும் இடையே உள்ள தூரமும் மிகுகிறது. நிழலும், மிகுந்த நீரும், தழைச்சத்து உரமும் ஒன்று சேர்ந்தால் நம் தாழ்வாரத்துக் கழி உருவாகிவிடுகிறது. நுனியை நீக்கினால் ஆதிக்கம் ஒழிகிறது. உறங்கிய மொட்டுகள் விழிக்கின்றன. இச்செடியின் பெரும் பேறு யாதெனில், இலையற்ற முதிர்ந்த மரப்பகுதியிலிருந்தும் அது தளிர்க்கவல்லது. எல்லாச் செடிகளுக்கும் இவ்வாற்றல் இல்லை. பைனை இவ்வாறு வெட்டினால் அது மாண்டே போகும்.

ஆதலின் பைன் மரத்திற்கென எழுந்த முறைகளை இதற்கு அப்படியே கொள்வது பொருந்தாது. குறுமரக் கலையை உலகறியச் செய்தவர்கள் சப்பானியர் என்றாலும், அதன் மூலம் சீனம். வெப்பம் மிக்க தென் சீனத்தில், குவாங்டோங் பகுதியில், லிங்னான் மரபு என ஒன்று உண்டு. அங்குச் செடிகள் விரைந்து வளர்வன. கம்பி சுற்றி வளைப்பதைவிட, ஒரு கிளையை மனம்போல் ஓடவிட்டு, அது பருத்தபின் அடியோடு ஒட்ட வெட்டி, அங்கிருந்து எழும் புதுக்கிளையை மீண்டும் ஓடவிட்டு, மீண்டும் வெட்டி, படிப்படியாக உருவம் சமைப்பது அவர்கள் முறை. நம் நாட்டு வெயிலுக்கும் மழைக்கும் காகிதப் பூவுக்கும் இதனைவிடப் பொருத்தமான வழி வேறு இல்லை என்று நாம் துணிந்து கூறுவோம்.

முதல் வெட்டைப் பார்ப்போம். செடி நோயுற்று மெலிந்திருந்தால் வெட்டலாகாது. முழு வெயிலில் வைத்து, மக்கிய எருவிட்டு, இரண்டு மூன்று மாதம் தேற்ற வேண்டும். வெட்டியபின் தளிர்க்க வேண்டிய உணவு தண்டிலும் வேரிலும்தானே சேமிப்பாக இருக்கிறது! காலம், பூத்து ஓய்ந்து புது வளர்ச்சி எழும் வேளை. டில்லியிலும் வடபுலத்திலும் குளிர் நீங்கும் பிப்ரவரி இறுதியும் மார்ச்சுத் தொடக்கமும் நன்று. புனே, பெங்களூர் போன்ற இடங்களில் சூன் மாத முதல் மழை நன்று. வடநாட்டுக் குளிர்காலத்தில் வெட்டினால், எழும் தளிர் பனியில் கருகும்.

எவ்வளவு வெட்டுவது? மரம் இறுதியில் 15 அங்குல உயரம் இருக்க வேண்டுமென்றால், முதல் வெட்டு அடியிலிருந்து 5 அங்குலத்தில் அமைய வேண்டும். ஆறடிச் செடி அரையடிக்கும் குறைவாகிறது. இங்கேதான் பலரும் தயங்குகிறார்கள். இரண்டடியில் வெட்டினால் போதாதா என்கிறார்கள். போதாது. இரண்டடியில் வெட்டினால், இரண்டடிக் கழியின் உச்சியில் ஒரு குடை விரியும். துடைப்பத்தைத் தலைகீழாக நட்டாற்போல் அது காட்சியளிக்கும். பெரிய மரம் கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவது, அடி பருத்து நுனி மெலியும் அந்தச் சரிவினால்தான். ஒரே பருமனுள்ள கழியில் அச்சரிவு இல்லை. வெட்டி, அதைவிட மெல்லிய புதுத் தலைத்தண்டை எழுப்பினால்தான் அது பிறக்கும்.

இந்தச் செடியின் மரம் மென்மையானது. வெட்டுவாயிலிருந்து சிறிது தூரம் கீழ்நோக்கி உலர்ந்து போவது அதன் இயல்பு. ஆகவே குறித்த இடத்திற்கு ஓர் அங்குலம் மேலே வெட்ட வேண்டும். தளிர்கள் எங்கு எழுகின்றன என்று கண்டபின், அந்த மிச்சத்தை நீர் வழிந்தோடும்படி சாய்வாக அறுத்துவிடலாம். வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசையைத் தடவுவது நன்று. நீர் தங்கினால் மரம் மெத்தென்று அழுகிப் பொந்தாகும். முள் கையை உறுத்தும். தடித்த கையுறை அணிந்து செய்வது நலம்.

சில வாரங்களில் தண்டெங்கும் பத்துப் பதினைந்து தளிர்கள் வெடிக்கும். ஒரே இடத்தில் கொத்தாக எழுபவற்றில் ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் அவ்விடம் புடைத்துவிடும். வெட்டுவாய்க்கு அருகில் எழுந்த வலுவான தளிர் ஒன்று புதுத் தலைத்தண்டாகும். இனி நாம் செய்ய வேண்டியது யாதெனில், ஒன்றும் செய்யாதிருப்பது. அத்தளிர் மூன்றடி, நான்கடி ஓடட்டும். பார்ப்பவர், “இதைத்தானே வெட்டினீர்கள், மறுபடியும் அதே கதைதானா?” என்று நகைப்பர். நகைக்கட்டும். அந்த நீண்ட தண்டில் உள்ள ஒவ்வோர் இலையும் உணவு சமைத்துக் கீழே அனுப்புகிறது. அதனால் அடி பருக்கிறது. புதுத்தண்டின் பருமன் தாய்த்தண்டின் பாதிக்கு மேல் வந்துவிட்டால், அதை இரண்டு அங்குலம் மட்டும் விட்டு வெட்ட வேண்டும். அடுத்த தண்டு எழும், அதற்கும் அவ்வாறே. ஒவ்வொரு துண்டும் முந்தையதைவிடக் குட்டையாகவும் மெல்லியதாகவும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வெட்டிலும் தண்டு சற்றே திசை மாறுவதால், கம்பியின் உதவியின்றியே அது வளைந்து நெளிந்து முதுமைத் தோற்றம் கொள்கிறது. இவ்வாறு நாலைந்து ஆண்டுகள் கழியும். அதுவரை அழகிய தட்டுத் தொட்டி வேண்டா; அகன்ற பெரிய மண்தொட்டியே போதும். சிறு தட்டில் வேர் ஓட இடமில்லை. வேர் ஓடாவிடில் தண்டும் பருக்காது.

பக்கக் கிளைகளுக்கும் விதி இதுவே. ஆனால் ஒன்று: உச்சிக் கிளைகள் தாமே வலுப்பெறும், அடிக்கிளைகள் நலிந்து போகும். எனவே மேலே அடிக்கடி கத்தரித்து, கீழே நீள விட வேண்டும். வெளிப்புறம் நோக்கிய கணுவுக்கு மேல் வெட்டினால் கிளை வெளியே செல்லும். கிளையைத் தாழ்த்த வேண்டுமானால், அது பச்சையாக இருக்கும்போதே அலுமினியக் கம்பி சுற்றித் தாழ்த்திவிட வேண்டும். முதிர்ந்த கிளை வளையாது, படீரென முறியும். மழைக்காலத்தில் கிளை விரைந்து பருக்குமாதலால், நான்கு வாரத்திற்கு ஒருமுறை கம்பியைப் பார்க்கத் தவறலாகாது. கம்பி பதிந்த தழும்பு ஆண்டுக்கணக்கில் மறையாது.

இனி, இடிக்கப்படும் வீட்டின் அடிக்கட்டை. உரியவரிடம் கேட்டுப் பெறுவது எளிது. வேண்டாமென்று எறிவதைத்தானே கேட்கிறோம்! காட்டிலிருந்து மரங்களைப் பெயர்த்து வருவதை நாம் ஒருபோதும் பரிந்துரைப்பதற்கில்லை. கட்டையை அரையடி உயரத்திற்கு அறுத்து, தடித்த வேர்களைக் குறைத்து, சல்லி வேர் எவையேனும் இருந்தால் அவற்றைக் காத்து, வெறும் பருமணலில் நட வேண்டும். நிழலில் வைத்துப் பாலித்தீன் உறையால் மூடினால் ஈரம் காக்கப்படும். சில வாரங்களில் தளிர் தோன்றும். அதைக் கண்டு மகிழ்ந்து வெயிலுக்குக் கொண்டு போவோர் பலர். கட்டை பட்டுப்போவதும் அப்போதுதான். முதல் தளிர் கட்டையில் சேமித்த உணவால் எழுவது. வேர் பிடித்ததற்கு அது சான்றன்று. இலைகள் முதிர்ந்து, இரண்டாம் முறை வளர்ச்சி தொடங்கும் வரை பொறுக்க வேண்டும். வேர் வந்ததா என்று அசைத்துப் பார்ப்பதோ பெருங்கேடு. இச்செடியின் இளவேர் மிக எளிதில் ஒடிவது.

அதே காரணத்தால், தொட்டி மாற்றும்போதும் வேர்களைக் கழுவி வெறுமையாக்கலாகாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிப்புற வேர்களில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும். மண்ணுக்குச் சலித்த செங்கல் நொறுக்கு, பருமணல், மக்கிய இலை உரம் மூன்றும் சம அளவு. ஊற்றிய நீர் உடனே வடிய வேண்டும்.

பூவைப் பற்றிக் கூறாமல் முடிப்பதெங்ஙனம்? நாம் பூவென்று போற்றும் வண்ணம் பூவன்று. அது நிறமேறிய இலை. மும்மூன்றாய் நிற்கும் அவ்விலைகளின் நடுவே தோன்றும் சிறு வெண்குழல்களே உண்மைப் பூக்கள். மற்றொரு விந்தையும் உண்டு. இலைக்கக்கத்தில் எழும் ஒரே மொட்டு, நிலைமைக்கேற்ப முள்ளாகவும் ஆகலாம், பூங்கொத்தாகவும் ஆகலாம். பகல் குறுகி, நீரும் தழைச்சத்தும் அளவோடிருந்தால் பூங்கொத்து. நீரும் உரமும் மிகுந்தால் தழையும் முள்ளும். எனவே உருவம் அமைந்துவிட்ட மரத்திற்கு மழைக்காலம் முடிந்தபின் நீரைக் குறைத்து, இலை சற்றே துவளும் வேளையில் ஊற்றி, மீண்டும் அவ்வாறே செய்து வந்தால் குளிர்காலத்தில் பூக்கும். பூ புதுக்கிளையில் வருவதாகையால், அதற்கு ஆறேழு வாரம் முன்பே கத்தரிப்பதை நிறுத்திவிட வேண்டும். பூ உதிர்ந்ததும் ஒவ்வொரு கிளையையும் இரண்டு மூன்று கணு விட்டுக் கத்தரிக்கலாம். பயிற்சியால் இலை சிறுக்கும். பூவின் அளவு அவ்வளவு சிறுக்காது. ஆகையால் தொடக்கத்திலேயே சிற்றிலை வகையைத் தேர்ந்துகொள்வது அறிவுடைமை.

முதல் வெட்டில் நீக்கிய அந்த ஐந்தடிக் கழியை எறிந்துவிட வேண்டா. பென்சில் பருமனுக்கு மேற்பட்ட பகுதியை ஒரு சாண் துண்டுகளாக்கி, இலைகளை நீக்கி, தலைகீழ் ஆகாமல் பார்த்து, ஈர மணலில் பாதியளவு புதைத்து நிழலில் வைத்தால், ஐந்தில் இரண்டேனும் வேர்விடக் கூடும். அவற்றை அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம்.