வேலைக்கேற்ற உடை



பிள்ளை பரீட்சை எழுதி, நேர்முகத் தேர்வுக்கும் போய் வந்து, வேலை கிடைத்துவிட்டது என்ற கடிதம் வீட்டுக்கு வந்தால் அன்று லயமே மகிழ்ச்சியாக இருக்கும். மறுநாள் ஒரு கவலை எட்டிப் பார்க்கும். ஆபீசுக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது என்பதே அந்தக் கவலை. இன்று அதைப் பற்றி உங்களோடு பேசுகிறேன்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவனுக்குப் பட்டணத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 'பிசினஸ் கேஷுவல்' உடையில் வரவும் என்று கடிதத்தில் ஒரு வரி இருந்தது. தந்தையும் மகனும் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள்.

"வாத்தியாரே, கோட்டு, டை எல்லாம் வேணும்போல இருக்கு. இவன் அம்மா சங்கிலிய அடகு வெச்சு வாங்கிடலாம்னு இருக்கோம்" என்றார் தந்தை.

"அடகுக் கடைக்குப் போக வேண்டாம் அண்ணே, உட்காருங்கள்" என்றேன். "நீங்கள் பால் வெட்டப் போகும்போது ஏன் நீளக் கைச் சட்டை போடுகிறீர்கள்?"

"கொசுக் கடிக்குத்தான்."

"தலையில் துணி?"

"பால் முடியில பட்டா போகாதே."

"அந்தச் சட்டையை ஏன் தனியாக வைத்திருக்கிறீர்கள்?"

"பால் காஞ்சா ரப்பராயிடும். எந்தச் சவுக்காரம் போட்டாலும் கறை போகாது."

நேயர்களே, செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் தலைக்கவசமும் ரப்பர் பூட்ஸும் அணிவதும் இப்படித்தான். குலை தலையில் விழலாம், முள் காலில் ஏறலாம். வேலைதான் உடையைத் தீர்மானிக்கிறது. ஆபீஸ் உடைக்கும் அதே விதிதான். அங்கே பலரும் வந்து போவார்கள். அவர்கள் நம்மை நம்பிப் பேச வேண்டும். எட்டு மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். குளிர்சாதன அறையில் குளிரும். இவற்றுக்குப் பொருந்துவதே ஆபீஸ் உடை.

'பிசினஸ் கேஷுவல்' என்றால் கோட்டும் டையும் அல்ல. வீட்டில் உடுத்தும் உடையும் அல்ல. இரண்டுக்கும் நடுவில் உள்ளது. ஆண்களுக்குக் காலர் வைத்த சட்டை, கறுப்பு அல்லது கருநீலச் சிலுவார், இடைவார், காலுறையோடு மூடிய சப்பாத்து போதும். பெண்கள் முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடையும் மேற்சட்டையும் அணியலாம். பஞ்சாபி உடை, பாஜு கூரோங், சேலை எதுவும் பொருந்தும். சட்டைத் துணி உடல் தெரிய மெல்லியதாக இருக்கக் கூடாது. எழுத்தும் படமும் பொறித்த பனியன், கிழிந்த ஜீன்ஸ், சிலிப்பர் ஆகியவை வேண்டாம். ஜீன்ஸ் அணியலாமா என்பதை, சேர்ந்த பிறகு அங்குள்ளவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கோட்டு இல்லையே என்று வருந்துபவர்களுக்கு ஒன்று சொல்வேன். நம் நாட்டில் நீளக் கை பாத்திக் சட்டை அதிகாரபூர்வ விருந்துகளுக்கே ஏற்ற உடை. 2008-ஆம் ஆண்டில் அரசாங்க ஊழியர்கள் வியாழக்கிழமைதோறும் பாத்திக் அணிய வேண்டும் என்று உத்தரவே வந்தது. நல்ல பாத்திக் சட்டை ஒன்று வீட்டில் இருந்தால் பல இடங்களுக்கு உதவும்.

அடுத்து, எத்தனை உடை வாங்குவது? இரண்டு சிலுவார், மூன்று சட்டை. சட்டைகள் வெள்ளை, இளநீலம், மெல்லிய கோடு போட்டது என்று இருந்தால் எந்தச் சிலுவாரோடும் சேரும். இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு. வாரத்தில் ஐந்து நாள் வேலைக்கு இதுவே மிகுதி. மற்றதைச் சம்பளம் வாங்கிய பிறகு ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளலாம்.

வாங்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். சட்டையின் தோள் தையல் தோள் எலும்பின் முனையில் நிற்க வேண்டும். சிலுவாரைப் போட்டுக்கொண்டு ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். சப்பாத்தை மாலையில் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், காலையில் வாங்கியது மாலையில் கடிக்கும்.

தாய்மார்களே, ஆபீஸ் உடையைத் தோட்டத்து உடையோடு சேர்த்து ஊற வைக்காதீர்கள். புதிய கருநிறத் துணியை முதல் சில தடவை தனியாகத் துவையுங்கள், சாயம் வெள்ளைச் சட்டையில் ஏறாது. காலரிலும் கை நுனியிலும் முதலில் சவுக்காரம் தேய்த்துவிடுங்கள். உட்புறம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் காயப்போட்டால் நிறம் மங்காது. உடையின் உள்ளே தைத்திருக்கும் சிறு துணியில் இஸ்திரிப் பெட்டிப் படம் இருக்கும். அதில் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு என்றால் நடுத்தரச் சூடு, மூன்று என்றால் மிகுந்த சூடு தாங்கும். நைலானுக்குக் குறைந்த சூடு, பருத்திக்கு மிகுந்த சூடு. இது தெரியாமல்தான் பல நல்ல சட்டைகள் பொசுங்கிப் போகின்றன. மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு, போன இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

இத்தனையும் சொல்லி அனுப்பினேன். வாசல் வரை போன மாணவன் தனியாகத் திரும்பி வந்தான்.

"சார், அப்பா பால் வெட்டு முடிஞ்சு பிற்பகல்ல வெளியே புல் வெட்டப் போவாரு. அதே உடுப்போடதான் அஞ்சு மணிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வருவாரு. ஆபீஸ் வாசலுக்கு வேணாம், சந்தியிலேயே நிக்கச் சொல்லட்டுமா?"

அவன்மீது எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வயதில் எனக்கும் அந்தக் கூச்சம் இருந்ததுதான். "தம்பி, உன் அப்பா சொன்ன பதிலெல்லாம் கேட்டாய் அல்லவா? அவர் உடையில் காரணமில்லாமல் எதுவும் இல்லை. அது அவருடைய வேலைக்கேற்ற உடை. நாளை நீ உடுத்தப் போவது உன் வேலைக்கேற்ற உடை. அந்த உடுப்பில் இருக்கும் கறைதான் உன்னை ஐந்தாம் படிவம் வரை படிக்க வைத்தது" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு போனான்.

இரண்டு வாரம் கழித்து வந்தான். "சார், என் உடையை யாருமே கவனிக்கல" என்றான். "நல்லதப்பா, இனி உன் வேலையைக் கவனிப்பார்கள்" என்றேன். அப்பா ஆபீஸ் வாசலுக்கே வருகிறார் என்பதையும் அவனாகவே சொன்னான். சங்கிலி அவன் அம்மாவின் கழுத்திலேயே இருக்கிறது.

பெற்றோர்களே, பிள்ளையின் முதல் நாள் உடைக்காகக் கடன் வாங்காதீர்கள். சுத்தமாக, அளவாக, வேலைக்குப் பொருத்தமாக இருந்தால் போதும். பிள்ளைகளே, நீங்கள் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு புறப்படும்போது, கறைபட்ட சட்டையில் உங்களை அனுப்பிவைக்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டு போங்கள்.