பல் வலியும் பணச் செலவும்



டெல்லி ஜங்புராவில் மதராசி கேம்ப் இருந்தது. பாராபுல்லா வடிகால் ஓரம் தமிழர்கள் வாழ்ந்தார்கள். பலருக்கு வீட்டு வேலையும் கூலி வேலையும்தான் பிழைப்பு. 2025 ஜூன் 1ஆம் நாள் குடிசைகள் இடிக்கப்பட்டன. 370 வீடுகளில் 189 வீட்டாருக்கே மாற்று வீடு பெறத் தகுதி என்றார்கள். அந்த வீடுகள் தொலைவில், நரேலாவில் உள்ளன.

கூலிக்காரருக்குப் பல் வலி வந்தால் செலவு இரண்டு. ஒன்று, வைத்தியச் செலவு. மற்றொன்று, பஸ் கட்டணமும் இழந்த கூலியும். அதனால் பலர் மாத்திரை போட்டு நாளைத் தள்ளுகிறார்கள். மாத்திரை வலியை அடக்கும். சொத்தையை ஆற்றாது.

சொத்தை சிறிதாக இருந்தால் ஒரே நாளில் அடைக்கலாம். வேர் வரை போனால் வேர் சிகிச்சை தேவை. பலமுறை போக வேண்டும். செலவும் பல மடங்கு. பல்லைப் பிடுங்கினால் செலவு குறைவுதான். ஆனால் பிறகு கட்டுப் பல்லுக்குச் செலவாகும்.

பணத்துக்கு என்ன வழி? டெல்லி கேட் அருகே மவுலானா ஆசாத் அரசு பல் மருத்துவமனை இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. இங்கெல்லாம் தனியாரைவிடக் கட்டணம் மிகக் குறைவு. ஆயுஷ்மான் அட்டை, மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கு உரியது. பல் அடைக்க அது உதவாது.

தனியாரிடம் போனால் மொத்தச் செலவை முதலில் எழுதி வாங்குங்கள். படித்துப் பாருங்கள். தவணை உண்டா என்று கேளுங்கள். வட்டிக் கடன் கடைசி வழி.

இரவில் பல் துலக்குங்கள். புகையிலையை விடுங்கள். சிறு சொத்தைக்கே மருத்துவரிடம் போங்கள். பல்லும் மிஞ்சும், பணமும் மிஞ்சும்.