உட்கார ஒரு நாற்காலி, கையில் ஒரு காகிதம்
(பழவங்காடியில் நடந்த குடும்பக் கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சாலைக் கடைத்தெருவில் ஷட்டர் இறக்கிய கையோடு வந்திருக்கிறீர்கள். பலர் இன்னும் சாப்பிடவில்லை என்பதும் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள். கடையில் உட்கார முடிகிறதா? ஜவுளிக் கடையில் நிற்கும் நம் சகோதரிகளைக் கேளுங்கள். காலை முதல் இரவு வரை நின்றே வேலை. சுவரில் சாய்ந்தால் ஏச்சு. மூத்திரத்துக்குப் போக விடமாட்டார்கள் என்று தண்ணீரையே குறைத்துக் குடித்த பெண்கள் எத்தனை பேர்! இதைப் பொறுக்கமாட்டாமல் கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருப் பெண்கள் முதலில் கழிப்பறை கேட்டார்கள். தையல் தொழிலாளியான விஜி அம்மையாரின் முயற்சியில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பு பிறந்தது. பிறகு நாற்காலி கேட்டார்கள். 2014 டிசம்பர் இறுதியில் திருச்சூரில் ஒரு ஜவுளிக் கடைப் பெண்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, நூறு நாட்களுக்கு மேல் தெருவில் இருந்தார்கள். 2018-இல் கேரளக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. எல்லாத் தொழிலாளருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே இடைவெளி கிடைக்கும்போது உட்காரலாம் என்று எழுதப்பட்டது. 2021-இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. சீமையில் கடைப் பெண்கள் மூன்று பேருக்கு ஒரு இருக்கை என்று 1899-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நமக்கு வர நூறு ஆண்டுக்கு மேலாயிற்று. வந்ததும் தானாக வரவில்லை, கேட்டதனால் வந்தது.

அந்தச் சட்டம் 1960-ஆம் ஆண்டுச் சட்டம். நாளொன்றுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். நான்கு மணி நேர வேலைக்குள் ஒரு மணி நேர ஓய்வு. மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி. வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை. ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தக்க காரணமில்லாமல் நீக்கக் கூடாது, ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய சம்பளமோ தரவேண்டும். இதில் மலையாளி, தமிழன் என்ற பேதம் ஒரு வரியிலும் கிடையாது.

பின் ஏன் நமக்குக் கிடைப்பதில்லை? இங்கேதான் மனம்விட்டுப் பேச வேண்டியிருக்கிறது. நம்மில் பாதிப் பேர் நிற்பது மலையாளி முதலாளியின் கடையில் அல்ல, அண்ணாச்சி கடையில். அவர் நம் ஊர்க்காரர், சில சமயம் நம் மாமன் மச்சான். தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தவர். அவரிடம் போய் "அண்ணாச்சி, சம்பளச் சீட்டு வேணும்" என்று கேட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவோம் என்று கூசுகிறோம். அவர் செய்த உதவியை நாமும் மதிக்கிறோம். ஆனால் உதவி வேறு, கூலி வேறு. சரக்கு வாங்கும்போது பில் இல்லாமல் வாங்குகிறாரா அண்ணாச்சி?

ஒரு சம்பவம் சொல்கிறோம், பெயர் வேண்டாம். ஓர் உணவகத்தில் ஆறு ஆண்டு பரோட்டா போட்ட தம்பி ஒருவன். ஒருநாள் வாய்த்தகராறு, வெளியே போ என்றார்கள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடம். ஐந்து ஆண்டு முடித்தவருக்கு ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி வீதம் பணிக்கொடை உண்டு. மாதம் 15,000 ரூபாய் என்றால் ஆறு ஆண்டுக்கு ஏறத்தாழ 52,000 ரூபாய். லேபர் ஆபீசில் முதலாளி தரப்பு சொன்னது ஒரே வாக்கியம்: "இவன் போன வருஷம்தான் வந்தான்." தம்பியிடம் இருந்ததோ ஃபோனில் சம்பளம் வந்ததற்கான பதினான்கு மாதக் கணக்கு மட்டும். அதற்கு முன்பெல்லாம் ரொக்கம். நிலுவைச் சம்பளம் கிடைத்தது, 52,000 போயிற்று. வேலைக்குச் சேர்ந்த அன்று இந்தப் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தானாம். சேர்ந்த தேதி பிள்ளையாருக்குத் தெரியும்தான், ஆனால் அவர் சாட்சி சொல்ல வரமாட்டாரே!

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கேரள அரசும் எதிர்த்தது. எதிர்ப்புக்குக் காரணம் உண்டு. வெளிமாநிலத் தொழிலாளருக்கான 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது, புதியதில் அது பத்துப் பேர் ஆகிவிட்டது. இது நமக்கு நஷ்டம். ஆனால் ஒப்பந்தக்காரர் இல்லாமல் தானாக வந்தவரும், மாதம் 18,000 ரூபாய் வரை வாங்குபவரானால், வெளிமாநிலத் தொழிலாளி என்று கணக்கில் வருகிறார். நம்மில் பெரும்பாலோர் அப்படி வந்தவர்கள்தாமே. கூலித் தொகுப்போ சின்னக் கடைக்கும் பொருந்தும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் வரவேண்டும். வேலையை விட்டாலோ விலக்கினாலோ இரண்டு வேலை நாளில் கணக்குத் தீர்க்க வேண்டும். சம்பளச் சீட்டு தரவேண்டும். பாக்கிக்கு மூன்று ஆண்டு வரை மனுக் கொடுக்கலாம். கூலி கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. நாம் காட்ட வேண்டியது அங்கே வேலை செய்தோம் என்பதை மட்டுமே.

அந்த ஒன்றைக் காட்ட என்ன வழி? சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். முடியாதென்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வந்த நேரம், போன நேரம், வாங்கிய பணம் எல்லாம் அன்றன்றே எழுதுங்கள். மாதக் கடைசியில் எழுதினால் செல்லாது என்றில்லை, ஆனால் எழுதவே மாட்டோம், நம்மை நமக்குத் தெரியாதா? கடைச் சீருடையில் எடுத்த படம், அடையாள அட்டை, "நாளைக்குச் சீக்கிரம் வா" என்று முதலாளி அனுப்பிய செய்தி, எதையும் அழிக்க வேண்டாம். கூட வேலை செய்பவரின் சாட்சியும் சாட்சிதான். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் 21,000 வரை சம்பளமென்றால் இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் ரூபாய்தான் நம் பங்கு. அந்த அட்டையே நல்ல அத்தாட்சி.

தமிழர் இங்கே வாய் திறக்க முடியுமா என்று பயப்படுகிறவர்கள் மூணாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 செப்டம்பரில் போனஸ் குறைந்ததென்று தெருவுக்கு வந்த தேயிலைத் தோட்டப் பெண்கள் தமிழ் பேசுகிறவர்கள். தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே வரவிடவில்லை. ஒன்பது நாளில் இருபது சதவீதம் வாங்கினார்கள். சங்கம் நடத்தும் எங்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

தொழிலாளர் துறையின் இலவச எண் 155214. ஆணையர் அலுவலகம் தொழில் பவனில், விகாஸ் பவன் பக்கம். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் வக்கீல் உதவி இலவசம், வஞ்சியூர் கோர்ட் வளாகத்தில் விசாரியுங்கள். மனுவை மலையாளத்தில் எழுத வராதவர்களுக்கு நம் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். இங்கேயே படித்த பிள்ளைகள், எங்களைவிட நன்றாக எழுதுகிறார்கள். ஞாயிறு மாலை வாருங்கள், உங்களிடம் இருக்கும் துண்டுச் சீட்டு வரை எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். இன்று வெளி வாசலில் நோட்டு அடுக்கி வைத்திருக்கிறது, போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் வேலைக்குச் சேர்ந்த தேதி.