வரலாற்றுக்கு ஒரு குடிமராமத்து
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தம் ஆயுள் முழுதும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் போதித்து, ஓய்வுபெற்ற பின் தம் சேமிப்பில் ஒரு பகுதியை இச்சொற்பொழிவுக்கு மூலதனமாக வைத்துச் சென்ற பெருந்தகையின் ஞாபகார்த்தமாகப் பேசும் பாக்கியம் இன்று எனக்கு வாய்த்திருக்கிறது. கேட்க வருவோரிடம் ஒரு காசும் பெறலாகாது என்று அவர் விதித்த நிபந்தனையே நான் எடுத்துக்கொண்ட விஷயத்துக்கு வித்தாயிற்று. ஊர்ச் சரித்திரத்தைக் கொண்டாடும் விழா ஏன் எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்பதைச் சென்னை வாரத்தை உதாரணமாகக் கொண்டு ஆராய விழைகிறேன்.

தாமல் வெங்கடப்ப நாயக்கரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார், பிரான்சிஸ் டே என்பாரின் முயற்சியாலும் துபாஷி பேரி திம்மப்பாவின் துணையாலும், கடலோர மணற்பரப்பு ஒன்றுக்கு உரிமைச் சாசனம் பெற்ற நாள் 1639-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22 என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. அந்த நாளை நகரத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடலாம் என்று 2004-ஆம் ஆண்டில் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசௌசா ஆகிய பத்திரிகையாளர் மூவர் தொடங்கிய சிறு முயற்சி, நாளடைவில் சென்னை வாரமாகவும், சில ஆண்டுகளில் மாதம் முழுதுமாகவும் விரிந்தது. இவ்விழாவை நடத்துவதற்கென்று பெரும் நிதிக்குவியலோ அதிகார பீடமோ கிடையாது. ஆர்வலர் சிலர் நிகழ்ச்சி நிரலைத் தொகுக்கிறார்கள். பள்ளிகளும் மன்றங்களும் தனி மனிதர்களும் தத்தமக்கு இயன்றதைத் தம் செலவிலேயே செய்கிறார்கள். தெரு நடை, புகைப்படக் கண்காட்சி, உரை, வினாடி வினா எனப் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை.

அறிஞர்கள் எழுதிவைத்த நூல்கள் நூலகத்தில் இருக்க, தெருவில் இறங்கி விழா எடுப்பானேன் என்று சிலர் வினவக்கூடும். அவர்களுக்கு ஓர் ஏரியின் கதையை விடையாகச் சொல்வேன். இன்று ஜவுளிக் கடைகளும் ஜனத்திரளுமாக விளங்கும் தியாகராய நகர், 1920-களில் நெடிய ஏரியொன்றை வற்றச் செய்து அமைத்த குடியிருப்பாகும். வள்ளுவர் கோட்டம் நிற்குமிடமும் நுங்கம்பாக்கம் ஏரியைச் சேர்ந்ததே. தாம் குடியிருக்கும் வீட்டின் அஸ்திவாரம் ஓர் ஏரியின் மடியில் ஊன்றப்பட்டது என்பதை அறியாமலே இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்துவிடுகின்றன. மனிதர் மறந்தாலும் தண்ணீர் தன் பழைய பாதையை மறப்பதில்லை என்பதை மழைக்காலங்கள், அவற்றுள்ளும் 2015-ஆம் ஆண்டின் பெருவெள்ளம், நமக்கு உணர்த்தின. ஆகவே ஊர்ச் சரித்திரம் பண்டிதர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவது பெரும் பிழை. வாடகை வீட்டில் ஒண்டியிருக்கும் ஏழையையும் அது அதே அளவு பாதிக்கும் விஷயமாதலால், அதை அறியும் வாயில் அவருக்கும் அதே அளவு திறந்திருத்தல் வேண்டும்.

பெயர்களிலும் இவ்விதமே சரித்திரம் புதைந்து கிடக்கிறது. நெசவாளர்களைக் குடியமர்த்தும் பொருட்டு 1734-ஆம் ஆண்டில், சுங்கு ராமச் செட்டியின் தோட்டமாயிருந்த நிலத்தில், கம்பெனியார் உண்டாக்கிய சின்னத் தறிப் பேட்டையே சிந்தாதிரிப்பேட்டை என்று வழங்கலாயிற்று. கவர்னர் காலட் திருவொற்றியூரை அடுத்து அமைத்த நெசவாளர் குடியிருப்பு, ஜனங்களின் நாவில் புரண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. அத்தெருக்களில் பிறந்து வளர்ந்த ஒரு சிறுமி, ஆகஸ்டு மாதக் காலைப்பொழுதில் நடைபயணக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு சென்று, தன் விலாசத்தில் தினந்தோறும் எழுதும் பெயருக்குள் தறியோசை இருக்கிறது என்று கேட்டறியும்போது, அவளுக்கு அவ்வூர் மீண்டும் ஒருமுறை சொந்தமாகிறது. வாயிலில் சீட்டு விற்றிருந்தால் அவள் அக்கூட்டத்தில் சேர்ந்திருப்பாளா?

வெள்ளையர் நிலம் பெற்ற நாளைக் கொண்டாடுவது தகுமா என்ற ஆட்சேபமும் உண்டு. அது மதிப்போடு கேட்கத்தக்கது. திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 1863-ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்கருவியோ, சாசனங்களெல்லாம் தோன்றுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே இப்பிரதேசத்தில் மனிதர் வாழ்ந்தனர் என்று சாட்சி கூறுகிறது. எனினும், இந்த ஆட்சேபத்தைப் பொதுமக்கள் நடுவே எழுப்பி, மயிலையும் ஒற்றியூரும் கம்பெனியாரின் கோட்டைக்கு எத்தனை மூத்தவை என்று வாதிக்கும் சந்தர்ப்பத்தையும் அவ்விழாவே நமக்கு அளிக்கிறது என்பதால், அந்த நாளை நான் விவாதத்தின் திருநாளாக வரவேற்கிறேன்.

ஊர்ச் சரித்திரத்தை எல்லோருக்கும் திறந்துவைப்பதற்குப் பிற தேசங்களிலும் முன்மாதிரி உண்டு. பிரான்ஸ் தேசத்தில் 1984-ஆம் ஆண்டில் புராதனக் கட்டிடங்களின் கதவுகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் தொடங்கி, பின்னர் ஐரோப்பா எங்கும் பரவியது. இங்கிலாந்தில் 1994 முதல் அது நடைபெறுகிறது. சாதாரண நாள்களில் மூடிக்கிடக்கும் மாளிகைகளும் அவ்வேளையில் திறக்கின்றன என்பதே அதன் விசேஷம். ஆயினும் நமக்குரிய முன்மாதிரி நம் கிராமங்களிலேயே உண்டு.

ஏரி நீருக்கு விலை வைக்காத நம் முன்னோர், அதைப் பெறுவோர் வீட்டுக்கு ஓர் ஆளாக வந்து வண்டல் வாரிக் கரையை உயர்த்த வேண்டும் என்று வகுத்த ஏற்பாட்டைக் குடிமராமத்து என்றனர். விலையின்றிக் கிடைப்பதைக் காக்கும் கடமை பெறுபவர் எல்லோருக்கும் உண்டு என்பதே அதன் தர்மம். ஊரின் ஞாபகமும் ஓர் ஏரி. ஆண்டுதோறும் மறதி அதில் வண்டலாய்ப் படிகிறது. இலவசமாக நுழைந்து கேட்டுச் செல்பவர், அடுத்த ஆண்டில் தம் வீட்டுப் பெட்டியில் உறங்கும் பழைய பத்திரத்தையோ, பாட்டனாரின் புகைப்படத்தையோ, பாட்டி சொன்ன சேதியையோ கொண்டுவந்து சேர்ப்பாராயின், அதுவே அவர் செலுத்தும் கூடை வண்டல்.

இப்பணியில் மிச்சம் நிறைய உண்டு. கோட்டையையும் மயிலையையும் பற்றி ஆங்கிலத்தில் பேசப்படுவதற்கு ஈடாக, 1856-ஆம் ஆண்டில் தென்னகத்தின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரத்தைப் பற்றியும், 1918-ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்த பெரம்பூர் வட்டாரத்தைப் பற்றியும், அங்கே வாழ்பவர்களே, தம் தமிழில், தம் தெருவில் நின்று பேச வேண்டும். 1985-ஆம் ஆண்டில் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் நினைவை யார் கேட்டு எழுதிவைத்தோம்?

அன்பர்களே, அடுத்த ஆகஸ்டு வருவதற்குள் உங்கள் தெருவின் மூத்தவர் ஒருவரைத் தேடிச் செல்லுங்கள். மாலைப்பொழுதில் நாலு நாற்காலி போட்டு, பிள்ளைகளைக் கூட்டி, அந்தத் தெரு முன்னே எப்படி இருந்தது என்று அவரைச் சொல்லச் சொல்லுங்கள். வாசலில் எவரையும் தடுக்காதீர்கள். சரித்திரம் போதித்த அந்த ஆசிரியருக்கு நாம் செய்யும் அஞ்சலி அதுவே.