சட்டம் பயில விரும்புவோர்க்கு



சில நாட்களுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், சேலையூரில் எங்கள் தெருவில் வசிக்கும் இளைஞன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். பன்னிரண்டாம் வகுப்பை அப்போதுதான் முடித்தவன். அவன் கையில் இரண்டு விவரக் கையேடுகள் இருந்தன. ஒன்று, நமது அரசுச் சட்டக் கல்லூரிகளைப் பற்றியது. மற்றொன்று, பெங்களூரில் கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் கிறிஸ்ட் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியைப் பற்றியது. “மாமா, நான் வழக்கறிஞராக வேண்டும். எந்தப் பட்டத்துக்குப் படிப்பது, எங்கே படிப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்” என்றான். அவனுக்கு நான் அளித்த விடையையே இன்று உங்களுக்கும் கூற விரும்புகிறேன். அவ்விடையை நான் ஒரு தவற்றின் மூலமாகவே கற்றேன் என்பதையும் மறைக்காமல் கூறுவேன்.

முதலில் பட்டங்களைப் பார்ப்போம். சட்டத்தின் முதற் பட்டம் எல்.எல்.பி. என்பது. அதில் ‘எல்’ என்னும் எழுத்து இரண்டு முறை வருவதேன் என்று நீங்கள் எண்ணியதுண்டா? இலத்தீன் மொழிச் சுருக்கங்களில் எழுத்தை இரட்டித்தால் அது பன்மையைக் குறிக்கும். ஆகவே அது ‘சட்டங்களில்’ இளநிலைப் பட்டம் ஆகும். இதனைப் பெற நம் நாட்டில் இரண்டு வழிகள் உண்டு. வேறொரு பட்டம் பெற்றபின் மூன்றாண்டுகள் சட்டம் பயில்வது பழைய வழி. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் ஐந்தாண்டுகள் பயின்று, கலையோ வணிக நிர்வாகமோ சட்டத்தோடு இணைந்த இரட்டைப் பட்டத்தைப் பெறுவது புதிய வழி. இரண்டுக்கும் இந்திய வழக்கறிஞர் மன்றமே விதி வகுத்துள்ளது. பட்டம் பெற்றபின் மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும். அதற்கு மேலும் கற்க விழைவோர்க்கு எல்.எல்.எம். என்னும் முதுநிலைப் பட்டம் உண்டு. அது சில இடங்களில் ஓராண்டு, சில இடங்களில் ஈராண்டு.

இனி இடத்தைப் பற்றி. நான் மாணவனாக இருந்தபோது இக்கேள்விக்கே இடமில்லை. தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறுவோம். கோட்டை நிலையத்தில் இறங்குவோம். உயர்நீதிமன்ற வளாகத்தில், 1891-இல் தொடங்கப்பெற்ற சட்டக் கல்லூரிக்குள் நுழைவோம். வகுப்பறைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே சில அடிகளே தொலைவு. காலையில் பாடத்தில் கேட்ட ஒரு விதியை, நண்பகலில் நீதிபதியின் முன் வாதிடக் கேட்கலாம்.

இன்று நிலைமை தலைகீழாயிற்று. உயர்நீதிமன்றத்தின் எதிரே இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்ததை அறிவீர்கள். அதற்கு எண்பத்தோராண்டுகள் கழித்து, 2018-இல், சட்டக் கல்லூரியும் அவ்விடம் விட்டுப் புறப்பட்டது. அதன் ஒரு பகுதி தெற்கே புதுப்பாக்கத்துக்கும், மற்றொரு பகுதி திருவள்ளூர் மாவட்டத்துப் பட்டறைப்பெரும்புதூருக்கும் சென்றன. தரமணிப் பக்கத்தில், 1997-இல் தோன்றிய தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் தன் சீர்மிகு சட்டப் பள்ளியை நடத்துகிறது. வண்டலூர்ப் பக்கம் சென்றால் தனியார் பல்கலைக்கழகங்களும் சட்டம் கற்பிக்கின்றன. ஆக, தென்சென்னைப் புறநகர்ப் பிள்ளைகள் சட்டத்தைத் தேடி வடக்கே சென்ற காலம் போய், சட்டமே தெற்கு நோக்கி வந்துவிட்டது எனலாம்.

அவ்விளைஞன் கையில் இருந்த மற்றொரு கையேட்டுக்கு வருவோம். கேரளத்தில் 1831-இல் குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா அடிகளும் அவர்தம் தோழர்களும் தோற்றுவித்த துறவற சபை, 1969-இல் பெங்களூரில் ஒரு கல்லூரியை நிறுவியது. அது 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் சட்டப் பள்ளியில் பி.ஏ., எல்.எல்.பி. என்றும், பி.பி.ஏ., எல்.எல்.பி. என்றும் இருவகை ஐந்தாண்டுப் பட்டங்கள் உள்ளன, ஓராண்டு எல்.எல்.எம். பட்டமும் உண்டு. அரசுக் கல்லூரியை நோக்கக் கட்டணம் பன்மடங்கு மிகுதி என்பதை மறத்தலாகாது. எவ்வாறாயினும், துறவியர்க்கும் சட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று அவன் என்னைக் கேட்டான்.

நல்ல கேள்வி! ஐரோப்பாவின் முதற் பல்கலைக்கழகம் எனப் போற்றப்பெறும் இத்தாலி நாட்டுப் பொலோஞா, சட்டத்தாலேயே புகழ் பெற்றது. உரோமானியச் சட்டம், திருச்சபைச் சட்டம் ஆகிய இரண்டும் அங்கே பயிலப்பட்டன. அவ்விரு சட்டங்களையும் பிரான்சு நாட்டில் கற்றவர் இவோ என்பவர். 1253-இல் பிறந்து 1303-இல் மறைந்தவர். திருச்சபை நீதிமன்றத்தின் நீதிபதியாக அமர்ந்தார். எனினும் பிற நீதிமன்றங்களில் ஏழைகளுக்காகத் தாமே சென்று வாதாடினார். அவர்களுடைய வழக்குச் செலவையும் தம் பணத்திலிருந்து கொடுத்தார். அவர் வழக்கறிஞர்களின் பாதுகாவலராக இன்றும் போற்றப்படுகிறார். எத்தனையோ பேர் அக்காலத்தில் இரு சட்டங்களையும் கற்றிருப்பர். இவோவின் பெயர் நிலைத்தது, கற்ற சட்டத்தைக் கல்லாதவரிடம் கொண்டு சென்றமையால் அன்றோ?

இங்கேதான் என் தவற்றைக் கூற வேண்டும்.

1980-களின் இறுதியில் நான் செங்கற்பட்டு நீதிமன்றத்தில் தொழில் தொடங்கிய புதிது. தாம்பரம் இரயில் நிலையத்தருகே பூ விற்கும் மூதாட்டி ஒருவர் ஒரு பத்திரத்துடன் என்னிடம் வந்தார். கடனுக்கு ஈடு என்று எண்ணி அவர் கைநாட்டு வைத்த அப்பத்திரம், உண்மையில் அவருடைய வீட்டு மனையை விற்கும் உரிமையை மற்றொருவருக்கு அளிக்கும் அதிகாரப் பத்திரம். மக்கள் வழக்கில் ‘பவர்’ என்பார்களே, அது. “தம்பி, எனக்குப் புரியும்படி சொல்லப்பா. நான் வைத்த நாட்டு என் வீட்டை என்ன செய்துவிட்டது?” என்று கேட்டார்.

அத்தகைய அதிகாரத்தை, விற்பனை நடப்பதற்கு முன், அளித்தவரே இரத்துச் செய்யலாம் என்பது பொது விதி. முகவருக்கு அச்சொத்தில் தமக்கென ஓர் உரிமை இருந்தால் மட்டும் இரத்துச் செய்ய இயலாது என்பது விலக்கு. இவ்விலக்கு அம்மூதாட்டிக்குப் பொருந்தவே இல்லை. நானோ, புதிதாய்க் கற்ற ஆர்வத்தில், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 202-ஆம் பிரிவையும் அதன் நுட்பங்களையும் பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாக விரித்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டார், பத்திரத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு சென்றார். “முடியாது” என்ற ஒரு சொல்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. மூன்று மாதங்களுக்குப் பின் அந்த மனை விற்கப்பட்டுவிட்டது என்று அறிந்தேன். “பாட்டி, நாளைக்கே இதை இரத்துச் செய்துவிடலாம்” என்ற ஒரே வாக்கியம் அவ்வீட்டைக் காத்திருக்கும். பட்டம் என் கையில் இருந்தது. அவ்வாக்கியம் என் நாவில் இல்லை.

இன்று அம்மூதாட்டியைப் போன்றவர்க்குச் சட்டமே துணை நிற்கிறது. வறுமையால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படலாகாது, அரசு இலவசச் சட்ட உதவி அளிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 39-அ பிரிவு கூறுகிறது. அது 1976-இல் சேர்க்கப்பட்டது. அதனைச் செயற்படுத்த 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995-இல் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர், காவலில் இருப்போர் ஆகியோர் எவ்வளவு வருமானம் உடையவராயினும் இவ்வுதவியைக் கேட்கலாம். 15100 என்னும் தொலைபேசி எண்ணில் வழி கேட்டறியலாம். இச்செய்தியை உங்கள் வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. எடுத்துச் சொல்வதற்கு ஒருவர் வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் சட்ட உதவி மையம் ஒன்றை நடத்த வேண்டும் என்று வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் பணிக்கின்றன. பத்திரம் எழுதுதல், தொழில் அறம், மாதிரி நீதிமன்றம், சமரசத் தீர்வு ஆகியவை பயிற்சிப் பாடங்களாகவே வைக்கப்பட்டுள்ளன.

ஆகவே அவ்விளைஞனுக்கு நான் கூறியது இதுதான்: “தம்பி, மூன்றாண்டா ஐந்தாண்டா என்பதை உன் குடும்பத்தின் நிலையும் உன் விருப்பமும் முடிவு செய்யட்டும். இன்னும் மனம் உறுதிப்படவில்லையெனில் வேறு பட்டம் பெற்றபின் மூன்றாண்டு வழியில் வரலாம், குறையொன்றும் இல்லை. புதுப்பாக்கமாயினும் பெங்களூராயினும், சேருமுன் அங்குள்ள மாணவர்களிடம் ஒன்றை மட்டும் கேள்: உங்கள் சட்ட உதவி மையம் எந்த ஊருக்குச் செல்கிறது? கடந்த மாதம் யாருக்கு எந்த மனுவை எழுதிக் கொடுத்தீர்கள்? இதற்கு உடனே விடை கிடைக்கும் இடத்தில் சேர்ந்துவிடு.”

அவன் சற்று யோசித்தான். பின்பு, “மாமா, அந்தப் பாட்டிக்குச் சொல்ல வேண்டியதை எனக்கு ஒரு முறை சொல்லுங்கள். நான் திருப்பிச் சொல்கிறேன், சரியா என்று பாருங்கள்” என்றான். சொன்னேன். அவன் திருப்பிச் சொன்னபோது, என்னைவிடத் தெளிவாகவே சொன்னான்.

அவனுடைய சட்டப் படிப்பு அன்று மாலையே தொடங்கிவிட்டது என்றுதான் நான் கருதுகிறேன். உங்களுடையதும் அவ்வாறே தொடங்கட்டும்.