வேண்டுதலோடு நின்றுவிட வேண்டாம்

(தோட்ட ஆலய மண்டபத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



ஆசிரியப் பணியில் இருந்த நாளில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். என் வகுப்பில் ஒரு சிறுவன் கூப்பிட்டால் திரும்பமாட்டான்; கேட்ட கேள்விக்கு விடை சொல்லமாட்டான். பிடிவாதக்காரன் என்றெண்ணி அவனைப் பெஞ்சின்மேல் நிற்க வைத்தேன். ஈராண்டு கழிந்த பின்னரே, அவனுக்குக் காது சரிவரக் கேட்கவில்லை என்பது மருத்துவச் சோதனையில் தெரிந்தது. அவன் தாயார் பால்மரம் வெட்டுபவர்; மகனுக்காக ஆண்டுதோறும் மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்தவர். "டாக்டரிடம் காட்டு என்று யாரும் சொல்லவில்லையே, ஐயா" என்றார். சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

ஆகவே இன்று சொல்கிறேன். குழந்தைக்குப் பேச்சு தாமதமானாலும், நடை பிந்தினாலும், எழுத்து மனத்தில் நில்லாவிட்டாலும், முன்வினைப் பயன் என்று லயத்து வீட்டுக்குள் மறைத்து வைக்காதீர்கள். பால்மரத்தின் வெட்டுப்பட்டையில் நோய் கண்டால் மருந்து பூசுகிறோம். மரம் செய்த பாவம் என்று விட்டுவிடுவதில்லை. மரத்துக்குச் செய்வதை மகவுக்குச் செய்ய வேண்டாமா? வேண்டுதலைக் கைவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காவடி எடுப்பவரும் தம் கால்களால்தான் படியேறுகிறார்.

முதலில் பிள்ளையை அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். டாக்டர் குறையை உறுதிசெய்து பாரத்தில் ஒப்பமிட்டால், சமூக நல இலாகாவில் ஓ.கே.யு. அட்டைக்குப் பதியலாம். பிறப்புப் பத்திரம் இல்லையேல் தேசியப் பதிவு இலாகாவை உடனே நாடுங்கள். பள்ளிச் சேர்க்கைக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். சாதாரணப் பள்ளிகள் பலவற்றிலும், தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றிலும் சிறப்புக் கல்வி வகுப்புகள் உண்டு. உடற்குறையைக் காரணம் காட்டி எவரையும் பொதுக் கல்வியிலிருந்து விலக்கலாகாது என்கிறது 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டம். மேலும், 1984இல் நம் நாட்டில் தொடங்கிய பி.டி.கே. என்னும் சமூகப் புனர்வாழ்வு நிலையங்களில் பேசவும் நடக்கவும் தாமே உண்ணவும் பயிற்சி தருகிறார்கள்.

ஆலய நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவில் இத்தகைய பிள்ளைகளை முன்வரிசையில் அமர்த்துங்கள். கோயிலில் கூச்சம் நீங்கினால், கிளினிக்குக்குப் போகும் கால்கள் தயங்கமாட்டா.