ஒரே தீவின் சிலந்தியும் டோடோவும்



இன்று பட்டம் பெறும் ஆரணிச் சீமை நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் பட்டு பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா? ஆனால் இன்று சொல்லப்போவது சிலந்திப் பட்டு.

தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் மொரீஷியஸில் பொன்னிறச் சிலந்தி ஒன்று சாதாரணமாகத் தென்படும். அதன் நூல் இயல்பிலேயே பொன்மஞ்சள்; சாயம் வேண்டாம். மடகாஸ்கரில் இதே இனத்தைக் காட்டில் பிடித்து, நூலை இழுத்துக்கொண்டு, திரும்ப விட்டுவிட்டார்கள். இப்படி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சிலந்திகளின் நூலில் நெய்த மேலங்கி, 2012இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. கூட்டைக் கொதிநீரில் போடாமல் எடுத்த பட்டு! கொல்லாமையைப் போற்றும் சமணர்களின் தீர்த்தங்கரர் நேமிநாதர் சிலையாக நிற்கும் இந்தத் திருமலையில் அதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அதே மொரீஷியஸில்தான் டோடோ என்ற பறவையும் இருந்தது. டச்சுக்காரர்கள் 1598இல் வந்திறங்கினார்கள். டோடோவைக் கடைசியாகக் கண்டதாகப் பலரும் ஏற்கும் ஆண்டு 1662.

அதை முட்டாள் பறவை என்பார்கள். நான் ஒப்பமாட்டேன். புறாக் குடும்பத்துப் பறவை அது. துரத்தி வேட்டையாடும் விலங்கில்லாத தீவில் பறக்காமலே நன்றாக வாழ்ந்தது. கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையில் கிடந்த முட்டைகளைத் தின்றன. சிலந்தியோ ஒரே பையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் இழையை நீட்டிக் காற்றோடு போய்விடும். டோடோ அழிந்ததில் அதன் குற்றம் எதுவுமில்லை. கைத்தறி நலிந்தால் நெசவாளியைக் குறை சொல்பவர்களுக்கும் இதுதான் என் பதில்.

டோடோவின் தசையும் தோலுமாக மிஞ்சியது ஆக்ஸ்போர்டில் உள்ள ஒரு தலைதான். உயிரோடு இருந்தபோது அதன் நிறம் என்ன என்று அறிய நமக்குள்ள நல்ல சான்று இந்தியாவில் வரைந்த ஓவியம். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அரசவை ஓவியர் மன்சூர் 1625 வாக்கில் வரைந்ததாகக் கருதப்படுவது. பறவை எதிரே நின்றபோது ஒருவர் பொறுமையாகப் பார்த்திருக்கிறார்.

அந்த ஓவியரைப் போல நீங்களும் இருக்கும்போதே பாருங்கள்; உங்கள் வீட்டில் தறி இன்னும் ஓடுகிறது. பாவுக்கு எத்தனை இழை, கரைக்கு அட்டை எப்படிக் கோர்ப்பது, முந்தானை தொடங்கும்போது அப்பாவின் கை என்ன செய்கிறது, ஜரிகை அறுந்தால் அம்மா எப்படி முடிச்சிடுகிறார்? பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நோட்டில் எழுதுங்கள், படம் வரையுங்கள், கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வேலை தேடி வெளியூர் போகுமுன் இந்த ஒன்றைச் செய்து முடியுங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.